ஓசூரோடு நின்ற ரயில்

ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த ஹெப்பகோடியில் இன்று நம்மவர் பலர் குடியிருக்கிறோம். பொம்மசந்திரா, ஜிகனி, எலெக்ட்ரானிக் சிட்டி ஆகிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் நம்மை இங்கு வரவழைத்தன. நம்முள் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டத்தார் பலர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னாள் மாலையில் ஓசூர் நெடுஞ்சாலையில் மூட்டை முடிச்சுகளோடு பேருந்துக்குக் காத்து நிற்கும் கூட்டத்தை நாம் அறிவோம். அக்கூட்டத்தில் நாமே நின்றிருக்கிறோம். அங்கே கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்ட ஒருவரை அணுகி, "உங்கள் ஊருக்கு ரயில் உண்டா?" என்று கேட்டால், கிடையாது என்று உடனே சொல்வார். "எப்போதாவது இருந்ததா?" என்று கேட்டால் சிறிது யோசிப்பார். பாட்டனார் ஏதோ சொன்னதாக நினைவுக்கு வரலாம், வராமலும் போகலாம்.

ரயில் இருந்தது. கிருஷ்ணகிரிக்கு இருந்தது, தருமபுரிக்கும் ஓசூருக்கும் இருந்தது. இன்று ஓசூர் வழியே ஓடும் ரயிலை நாம் குறிப்பிடவில்லை. அதற்கு முன்பு அதே ஊர்களை இணைத்து ஓடி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மறைந்துபோன ஒரு சிறிய இருப்புப்பாதையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

அப்பாதையின் வரலாறு பஞ்சத்தில் தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் வீடுகளில் இன்றும் பேச்சு வழங்குகிறது. பழைய சேலம் மாவட்டம் அதில் மிகுந்த துன்பத்துக்கு உள்ளாயிற்று. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சேலத்துக்கு அகலப்பாதை இரயில் வந்துவிட்டது. ஆனால், தானியத்தை நிலையம் வரையில்தான் வண்டி கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து உள்நாட்டு ஊர்களுக்கு மாட்டுவண்டியில் ஏற்றிச் செல்லவேண்டும். மழை பொய்த்த காலத்தில் தீவனமும் இல்லை. தீவனம் இல்லாதபோது மாடும் இல்லை. நிலையத்தில் மூட்டை கிடக்க, முப்பது மைலுக்கு அப்பால் மனிதன் பட்டினி கிடந்தான். 1880-இல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷன், வறட்சிப் பகுதிகளுக்குள் இருப்புப்பாதைகளை நீட்டவேண்டும் என்று வற்புறுத்தியதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

அவ்வகையில், பஞ்சத்திலிருந்து காக்கும் பாதைகள் என்ற கருத்தோடு இரண்டு கிளைப்பாதைகள் போடப்பட்டன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒன்று, 1905-இல். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு மற்றொன்று, 1906-இல். இந்த இரண்டாவது பாதை 1913-இல் பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீட்டப்பட்டது. பாராமகால் சமவெளியை விட்டு மேட்டு நிலத்தில் ஏறி, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரை அது அடைந்தது. இரண்டும் குறும்பாதைகள். தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி அகலம், அதாவது 762 மில்லிமீட்டர். மொரப்பூரில் அவற்றின் தாய்ப்பாதையான அகலப்பாதையின் அகலமோ ஐந்தரை அடி. இவ்விரு அளவுகளையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இப்போது தேசப்படத்தை மனக்கண்முன் விரித்துப் பாருங்கள். ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். இடையே உள்ளது நாம் வாழும் இப்பகுதிதான். பெங்களூருக்கு ஜோலார்பேட்டையிலிருந்து 1864-லேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் மொரப்பூர்ப் பாதை ஓசூரோடு நின்றது. ஓசூர் சென்னை மாகாணம். சில மைல் தள்ளி அத்திப்பள்ளியில் மைசூர் சமஸ்தானம் தொடங்கியது. சென்னை மாகாணத்துக் குடிகளின் பஞ்சத்தைக் கருதிப் போட்ட பாதைக்கு எல்லைக்கு அப்பால் என்ன வேலை? விளைவு விசித்திரமானது. 1913-க்குப் பிறகு ஓசூரில் ஒருவர், பெங்களூருக்கு ரயிலிலேயே போவேன் என்று பிடிவாதம் பிடித்தால், அவர் பெங்களூருக்கு முதுகைக் காட்டிப் புறப்படவேண்டும். தருமபுரி கடந்து மொரப்பூர் சேர்ந்து, அங்கே வண்டி மாறி ஜோலார்பேட்டை வரை வந்து, மறுபடியும் வண்டி மாறிப் பெங்களூர் செல்லவேண்டும். மாட்டுவண்டிக்காரர் அதற்குள் போய்த் திரும்பி வந்திருப்பார். ஆகவே ஓசூர் மக்களைப் பொறுத்தவரை அந்த ரயில் கிழக்கு நோக்கிய ரயில். அதன் முகம் சென்னையை நோக்கியிருந்தது.

அது ஏன் நிலைக்கவில்லை? மொரப்பூர் நிலையத்தில் நின்று பார்த்திருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும். இரண்டரை அடிப் பாதையில் வந்த சரக்கு வண்டி ஐந்தரை அடிப் பாதையில் ஏற முடியாது. பாலக்கோட்டில் ஏற்றிய புளி மூட்டையை மொரப்பூரில் இறக்கி, மற்றொரு வண்டியில் ஏற்றவேண்டும். சைடிங் என்று சொல்லப்படும் பக்கப்பாதைகளில் சிறிய வண்டிகள் ஒருபுறமும் பெரிய வண்டிகள் மறுபுறமும் நிற்க, இடையே கூலியாட்கள் முதுகில் சரக்கு மாறும். கூலி ஒரு செலவு. காலதாமதம் ஒரு செலவு. சிந்திய தானியம் ஒரு செலவு. முந்நூறு மைல் செல்லும் சரக்குக்கு இச்செலவு பெரிதாகத் தோன்றாது. முப்பது மைல் செல்லும் சரக்குக்கு இதுவே தலைச்சுமை. இந்நிலையில் 1920-களிலும் 1930-களிலும் மோட்டார் பேருந்தும் லாரியும் வந்தன. மண்டிக்கடை வாசலில் ஏற்றி, மற்றொரு மண்டிக்கடை வாசலில் இறக்கும் லாரியோடு, மலையேறத் திணறும் குறும்பாதை வண்டி எப்படிப் போட்டியிடும்? பிரயாணிகளும் அப்படியே. நிலையம் ஊருக்கு வெளியே இருக்க, பேருந்து கடைத்தெருவிலேயே வந்து நின்றது. இந்தியா முழுவதிலும் கிளைப்பாதைகளுக்கு இந்தத் தொல்லை நேர்ந்தது. சாலைக்கும் ரயிலுக்கும் உள்ள போட்டியைப் பற்றி ஆராய்ந்து மிட்செல், கர்க்னஸ் என்ற இரு அதிகாரிகள் 1933-இல் அறிக்கையே தந்தார்கள்.

மீதிப் பாதி விடையைப் போர் தந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, வருமானம் குறைந்த கிளைப்பாதைகள் பல இந்தியாவில் பெயர்க்கப்பட்டன. தண்டவாளத்துக்கும் எஞ்சினுக்கும் போர்முனைகளில் தேவை இருந்தது. மேற்கு ஆசியாவுக்குக்கூட அவை கப்பலேறின. மொரப்பூர் – ஓசூர் பாதை 1941-இல் மூடப்பட்டது. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரிப் பாதையும் அக்காலப் பகுதியிலேயே மறைந்தது. பஞ்சம் வந்தால் காப்பதற்கென்று போட்ட பாதையை நஷ்டக் கணக்குப் பார்த்து நீக்கியது நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது. தீயணைக்கும் வண்டி லாபம் தரவில்லை என்று யாரும் விற்பதில்லை. ஆனால் ரயில்வேக் கணக்கேட்டில் பஞ்சம் வராத ஆண்டுகளுக்கு வரவுப் பத்தி கிடையாது.

மூடப்பட்ட பாதைகள் யாவும் ஒரே கதியை அடைந்தன என்று எண்ணவேண்டாம். மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் சென்ற பாதை 1928-இல் திறக்கப்பட்டு, அதே போர்க்காலத்தில் பெயர்க்கப்பட்டது. ஏலக்காய் வியாபாரம் அதற்குப் பின்பலமாக நின்றது. 1950-களில் பாதை மீண்டும் வந்தது. அகலப்பாதையாக மாற்றுவதற்காகப் பிற்காலத்தில் மறுபடி மூடப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காக்கவைத்து, 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்பியது. தனுஷ்கோடியை நாம் சொல்லவேண்டுவதில்லை. 1964 டிசம்பர் 22, 23 நாட்களின் இரவில் புயல் கொண்டுபோனது. மூணாறு மலையில் தேயிலைக்காக ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அழித்தது. அங்கே தண்டவாளம் போய் நூறாண்டு ஆகியும் 'டாப் ஸ்டேஷன்' என்ற பெயர் மட்டும் போகவில்லை. சுற்றுலா வருவோர், ஸ்டேஷன் எங்கே என்று தேடுகிறார்கள்.

தூர தேசத்திலும் இவ்வாறே. ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்தில் 'கான்' என்று அழைக்கப்பட்ட ரயிலின் பழைய பாதை 1891-இல் ஊட்னடட்டா என்னும் சிற்றூரையும், 1929-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரையும் அடைந்தது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். ஆதலால் பாலைவனத்தில் ஊற்றுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் இருந்த வழியே அப்பாதை சென்றது. டீசல் எஞ்சின் வந்ததும் ஊற்றுகளின் தயவு தேவைப்படவில்லை. வெள்ளத்தில் அடிக்கடி அரிக்கப்பட்ட பழைய பாதையைக் கைவிட்டு, மேற்கே வெகுதூரம் தள்ளி 1980-இல் புதுப்பாதை அமைத்தார்கள். பழைய வழியிலிருந்த நிலையங்களும் சைடிங்குகளும் ஒரே ஆண்டில் வேலையிழந்தன. ஊட்னடட்டா நிலையக் கட்டடம் இப்போது ஒரு காட்சிசாலை. எஞ்சினுக்குத் தாகம் தீர்ந்ததால் ஊர்கள் வற்றின என்று சொல்லலாம்.

நம் பாதைக்குத் திரும்புவோம். 1951 ஏப்ரலில் மைசூர் ரயில்வேயும், தென்னிந்திய ரயில்வேயும், மதராஸ் – தென்மராட்டா ரயில்வேயும் ஒன்றாகித் தென்னக ரயில்வே பிறந்தது. அத்திப்பள்ளி எல்லை, தண்டவாளத்தைப் பொறுத்தவரை அன்றே பொருளற்றுப் போயிற்று. 1960-களின் இறுதியில் சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு மீட்டர் பாதை வந்தது. 1990-களில் அது அகலப்பாதையாயிற்று. பாலக்கோடும் இராயக்கோட்டையும் மறுபடி ரயிலைக் கண்டன. ஆனால் இந்தப் புதிய ரயிலின் முகம் பெங்களூரை நோக்கியிருந்தது. தருமபுரியிலிருந்து அது தெற்கே ஓமலூர், சேலம் நோக்கித் திரும்பிவிட்டது. மொரப்பூர் விடுபட்டது.

பிழைப்புத் தேடிய இளைஞர்கள் எந்தத் திசையில் போனார்கள் என்பதற்கு நாமே சாட்சி. ரயில் ஒன்றே நம்மை இங்கு கொண்டுவந்தது என்று சொல்லமாட்டோம். ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டையும் நெடுஞ்சாலையும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஆயினும் பாதை எங்கே முடிகிறது என்பது, ஒரு வட்டாரத்து மக்கள் எந்த நகரத்தைத் தம் நகரமாகக் கருதுகிறார்கள் என்பதை ஓரளவு தீர்மானிக்கிறது. கோலார் தங்கவயலைப் பாருங்கள். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு 1894-இல் சுரங்கத்துக்காகவே போட்ட கிளைப்பாதை அது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் நின்றது, ரயில் நிற்கவில்லை. சுரங்கத்தில் உழைத்த தமிழர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் விடியுமுன் மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஏறிப் பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் வீடு திரும்புகிறார்கள். சுரங்கத்தோடு அந்தக் கிளைப்பாதையையும் லாப நஷ்டம் பார்த்து மூடியிருந்தால், அக்குடும்பங்கள் இன்று அவ்வூரில் இருந்திருக்கமாட்டா. அவர்களும் ஹெப்பகோடியிலோ ஒயிட்ஃபீல்டிலோ வாடகைக்கு வீடு தேடியிருப்பார்கள்.

கிருஷ்ணகிரிக்கு அந்த அதிருஷ்டம் வாய்க்கவில்லை. மாவட்டத் தலைநகரமாகியும் இன்றுவரை அதற்கு ரயில் நிலையம் கிடையாது. மனுக்கள் போயின, ஆய்வுகள் நடந்தன, தேர்தல்தோறும் வாக்குறுதி வந்தது. மொரப்பூர் – தருமபுரிப் பாதையின் கதை சற்றே முன்னேறியது. சுமார் 36 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய பாதை அமைக்க 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அதில் இன்னும் வண்டி ஓடவில்லை. 1906-இல் தருமபுரியிலிருந்து சென்னைக்கு ரயிலில் புறப்பட்டவர் மொரப்பூரில் ஒருமுறை வண்டி மாறினால் போதும். இன்று அதே பிரயாணி பேருந்தில் மொரப்பூர் போகவேண்டும். அல்லது சேலத்தையோ பெங்களூரையோ சுற்றிக்கொண்டு போகவேண்டும். அன்று ஓசூர்க்காரருக்கு நேர்ந்த சுற்று இன்று தருமபுரிக்காரருக்கு வாய்த்திருக்கிறது.

ஹெப்பகோடிக்கு 2025 ஆகஸ்ட் 10-ஆம் நாள் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் வந்தது. ஆர்.வி. சாலையில் தொடங்கி ஹெப்பகோடியைக் கடந்து அடுத்த நிலையமான பொம்மசந்திராவில் அது முடிகிறது. இங்கிருந்து சில கிலோமீட்டரில் சேலம் பாதையிலுள்ள ஹீலலிகே நிலையம் வரை, ராஜானுகுண்டேயிலிருந்து புறநகர் ரயில் தடம் ஒன்று திட்டமிடப்பட்டிருக்கிறது. அதுவும் ஹீலலிகேயோடு முடியும். மெட்ரோவை ஓசூர் வரை நீட்டுவது பற்றி இரு மாநிலங்களிலும் பேச்சு நடந்துள்ளது, முடிவு காணப்படவில்லை. 1913-இல் கிழக்கிலிருந்து வந்த பாதை அத்திப்பள்ளிக்கு அந்தப்புறம் நின்றது; இப்போது மேற்கிலிருந்து வரும் பாதைகள் இந்தப்புறம் நிற்கின்றன. இடைவெளியை முன்போலவே பேருந்துதான் நிரப்புகிறது.