மச்சினன் கையில் கயிறு



தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு பற்றிப் பேச்செடுத்தாலே பெரியவங்க ஒரு கதை சொல்வாங்க. கடலுக்குள்ள இறங்குறவரோட கயிற்றைப் படகிலிருந்து பிடிக்கிறவர் அவரோட மச்சினனாத்தான் இருப்பாராம். கல்லோட பாரத்தில் ஆறேழு பாகம் கீழே போய், ஒரு நிமிஷம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கிட்டு, கயிற்றைச் சுண்டினா உடனே மேலே இழுக்கணும். கூடப்பிறந்த அண்ணன் தம்பின்னா சொத்து நினைப்பு வந்து தாமதிக்கலாம். மச்சினன் தாமதிக்க மாட்டான். அவன் அக்கா தங்கச்சி தாலி அது.

எல்லாப் படகிலும் இப்படித்தான் நடந்ததுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இங்கே கடைசியா அரசு முத்துக்குளிப்பு நடத்தியது 1961-ல். அது நின்னு போச்சு, கதை நிக்கலை. என் கல்யாணப் பந்தியில் பெரியப்பா என் தம்பி தோளில் கை போட்டு, "இனி மாப்பிள்ளை கயிறு உன் கையிலடா" என்றார். எல்லாரும் சிரிச்சோம். அவனுக்கு அப்போ 24 வயசு.

நான் துறைமுகம் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு பார்க்கிறேன். ஊரார் கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். என் கணவர் தொழிலில் அடிபட்டதும், அந்தக் கடன் தவணையை என் தம்பி இரண்டு வருஷமாகக் கட்டினதும் மட்டும் தெரியலை. பேங்க் மெசேஜ் ஒன்று தற்செயலாகக் கண்ணில் பட்டுத்தான் தெரிஞ்சது. தம்பியைக் கேட்டேன். "உன்கிட்ட எப்படிக்கா சொல்றது, கலங்கிடுவியே" என்றான். கணவரைக் கேட்டேன். "பொண்டாட்டிகிட்டயா கை நீட்டுறது?" என்றார். மச்சினனிடம் நீட்டலாமாம்!

எனக்குக் கோபம் பணத்துக்காக இல்லை. அந்தக் கதையில் ஆம்பளை முங்கணும், இன்னொரு ஆம்பளை கை அசராமல் பிடிக்கணும். பொம்பளை கரையில் தாலியோடு இருந்தால் போதும். அவள் பெயரில்தான் கயிறு, அவள் மட்டும் படகில் இல்லை. தம்பி பைக் வாங்குறதைக்கூடத் தள்ளிப்போட்டிருந்தான். அவன்கிட்டேயும் யாரும் சம்மதம் கேட்கலை.

பொம்பளைக்குக் கடல் ஆகாதுன்னு சொல்றவங்க, இதே மன்னார் வளைகுடாவில் பாம்பன் பக்கம் போய்ப் பார்க்கலாம். விரலில் துணி சுற்றிக்கொண்டு பெண்கள் மூச்சடக்கிப் பாசி எடுக்கிறாங்க. அவங்க உரிமைக்காகப் போராடின சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி விருது கிடைச்சது. கொரியாவில் ஜேஜு தீவில் காலங்காலமாக முங்குறவங்களே பெண்கள்தான்; 2016-ல் யுனெஸ்கோ அந்த மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது.

இப்போ மாசத்தில் முதல் ஞாயிறு, நானும் கணவரும் பாஸ்புக்கோட உட்காருறோம். அவருக்கு இன்னும் கூச்சம்தான், ஜன்னலைப் பார்த்துக்கிட்டேதான் தொகையைச் சொல்வார். போன மாசம்கூட லாரி வாடகைக்கு முதலில் தம்பிக்குத்தான் போன் போட்டிருக்கார்.

"அக்கா பக்கத்துலதான இருக்கா? அவகிட்ட கேளுங்க அத்தான்"னு சொல்லிட்டு வச்சுட்டானாம்.