பறவை கூட்டை எவ்வாறு அடைகிறது?



நாம் கூடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகளால் வளர்ந்த ஊர். இருப்புப்பாதையில் உழைக்க வந்த நம்மவர் பலர் இங்கே வாழ்ந்தனர். பொருள்களின் இயக்கத்தைப் பற்றிப் பேச இது பொருத்தமான இடமே. ஆயினும் நம் பேச்சு வானத்திலிருந்து தொடங்குகிறது.

பால்மரம் வெட்டும் நமக்கு விடியுமுன் வானம் புதிதன்று. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நடக்கையில், விண்மீன்கள் கிழக்கிலிருந்து மேற்கே சாய்வதைக் காண்கிறோம். நகர்வது வானமா? அன்றி நாம் நிற்கும் நிலமா?

நிலமே சுழல்கிறது என்று துணிந்து எழுதியவர் ஆரியபட்டர். கி.பி. 476இல் பிறந்த அவர், 499இல், தமது இருபத்து மூன்றாம் வயதில், ‘ஆரியபட்டீயம்’ என்னும் நூலை இயற்றினார். அவர் காட்டிய உவமை எளியது. ஓடத்தில் முன்னோக்கிச் செல்பவனுக்குக் கரையில் நிற்கும் பொருள்கள் பின்னோக்கிச் செல்வதுபோல் தோன்றும். அவ்வாறே, அசையாத விண்மீன்கள் மேற்கு நோக்கிச் செல்வதாக நமக்குத் தோன்றுகின்றன என்றார்.

அவர் கூற்றை அறிஞர் பலர் ஏற்கவில்லை. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் ஒரு வினாவை எழுப்பினார்: பூமி சுழலுமாயின், வானில் பறக்கும் பருந்து மீண்டும் தன் கூட்டை எவ்வாறு அடையும்? 628இல் நூல் எழுதிய பிரமகுப்தரும் ஆரியபட்டரை மறுத்தார். பின்வந்த உரையாசிரியர் சிலரோ, பூமி நிலையானது என்றே அச்செய்யுளுக்குப் பொருள் கொண்டனர்.

வராகமிகிரரின் வினாவை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. கணக்கிட்டுப் பார்ப்போம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில், நிலம் மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் செல்கிறது. ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 460 மீட்டர். பத்து வினாடி பறந்து திரும்பும் சிட்டுக்குருவிக்கு, அதன் மரம் நாலரைக் கிலோமீட்டருக்கு அப்பால் போயிருக்க வேண்டும் அல்லவா? இதே வினாவை நம் பிள்ளைகளுள் ஒருவர் கேட்டால், பேசாமல் படி என்று அதட்டுவோர் நம்மிடையே உண்டு. ஆயிரம் ஆண்டுகள் அறிஞர்களைத் தடுத்து நிறுத்திய வினா அது என்பதை அவர்கள் அறியார்.

விடை இத்தாலி நாட்டுக் கலிலியோவின் 1632ஆம் ஆண்டு நூலில் தெளிவாகக் கிடைத்தது. சீராகச் செல்லும் கப்பலின் அறைக்குள் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் பின்சுவரில் போய் ஒட்டிக்கொள்வதில்லை. கப்பலின் வேகம் அவற்றுக்கும் முன்பே உண்டு. பருந்தின் கதையும் அதுவே. கிளையில் அமர்ந்திருந்தபோதே அது பூமியின் வேகத்தைப் பெற்றிருக்கிறது. சுற்றியுள்ள காற்றும் உடன் செல்கிறது. புறவிசை ஒன்று தாக்காத வரையில், இயங்கும் பொருள் அதே வேகத்தில் நேர்க்கோட்டில் இயங்கிக்கொண்டே இருக்கும் என்பதை 1687இல் நியூட்டன் தம் முதல் விதியாக வகுத்தார்.

பூமியின் சுழற்சியைக் கண்முன் காட்டியது 1851இல் பாரிஸ் நகரில் பூக்கோ தொங்கவிட்ட நீண்ட ஊசல். அங்கே அதன் ஆடுதளம் ஒரு சுற்றுத் திரும்ப ஏறக்குறைய 32 மணி நேரம் ஆகும். பிரிக்பீல்ட்ஸில் அதே ஊசலைக் கட்டினால் ஏறக்குறைய 18 நாள் காத்திருக்க வேண்டும்! நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அத்திருப்பம் மெதுவாகும்.

விசை என்பது நமக்கு அயலானதன்று. மரப்பட்டையின் நுண்குழாய்களில் பால் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கிறது. விடியுமுன் அவ்வழுத்தம் மிகுதி. வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் குறைகிறது. இருட்டிலேயே வெட்டச் சொல்வது இதனாலேயே. வெளிவந்த பாலைச் சாய்வான வெட்டின் வழியே மங்கில் இறக்குவது புவியீர்ப்பு.

ஆற்றலைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இஃது உயிர் பற்றிய செய்தி. மோட்டார் சைக்கிளின் வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால், வேகம் இருமடங்கு. அதன் இயக்க ஆற்றலோ நான்கு மடங்கு. பிரேக்கைப் பிடித்தபின் வண்டி நிற்க வேண்டிய தூரமும் அவ்வாறே நான்கு மடங்காகும். செம்மண் பாதை மழையில் நனைந்திருந்தால் அது இன்னும் நீளும். பின்னால் கட்டிய பால் வாளியும் அவ்வளவு எளிதில் நின்றுவிடாது. நியூட்டனின் விதி அதற்கும் உண்டு.

இங்கிருந்து கிள்ளானுக்கு இரயிலில் திரும்புவோர், வண்டி சீராக ஓடும்போது ஒரு காசை நேர்மேலே சுண்டிப் பாருங்கள். அது உங்கள் கையிலேயே வந்து விழும். வண்டி நிலையத்தை நெருங்கி வேகம் தணியும்போது மறுமுறை சுண்டுங்கள். காசு சற்று முன்னே போய் விழும். முன்னிருக்கையில் அமர்ந்திருப்பவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.