இருமல் வருவதற்கு முன்பே

(நம் சங்கக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

வழக்கமாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று பேசுவேன். இன்று வேறு விஷயம்.

ஊட்டியில் திபெத்தியர் கடைகளில் பேரம் பேசி ஸ்வெட்டர் வாங்காதவர்கள் நம்மில் குறைவு. குளிர்காலத்தில் நம் நகரங்களின் நடைபாதைக்கும் வருகிறார்கள். 1959-ல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தபின் அவரைத் தொடர்ந்து வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கர்நாடகத்தில் பைலகுப்பே, முண்ட்கோடு ஆகியவை அவர்களுடைய பெரிய குடியிருப்புகள்.

இவர்களை விடாமல் துரத்தும் நோய் காசநோய். முக்கியக் காரணம் நெருக்கடியான வாழ்க்கை. பிள்ளைகள் விடுதிப் பள்ளியில், இளம் துறவிகள் மடத்தில். ஒரே கூடத்தில் வரிசையாகப் படுக்கை. ஒருவர் இருமினால் போதும்.

தர்மசாலாவில் 1971 முதல் இயங்கும் டெலெக் மருத்துவமனை, நோயாளி தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. 2017-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்களோடு சேர்ந்து பள்ளிகளுக்கே போனது. நோய் உள்ளவர்களைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல், கிருமி உள்ளே உறங்குகிறதா என்றும் தோலில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளைக்கு இருந்தது! அவர்களுக்கு மூன்று மாத மாத்திரை. ஓடியாடும் பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று வீட்டில் கேட்போம் இல்லையா? விடுதி என்பதால் தினமும் கண்ணெதிரே விழுங்கவைக்க முடிந்தது.

பெரியவர்கள் விஷயம்தான் சிக்கல். சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். ஸ்வெட்டர் வியாபாரமோ அக்டோபரில் தொடங்கிவிடும். வருடச் சம்பாத்தியமே அதில்தான். இரண்டு மாத மருந்திலேயே உடம்பு தேறிவிடும். மூட்டையோடு ரயில் ஏறிவிட்டால் மாத்திரை நின்றுவிடும் ஆபத்து உண்டு. அப்படி நின்றால் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறலாம். அதற்கான சிகிச்சை இன்னும் கடுமையானது.

அவர்களுக்கு நம் சித்த மருத்துவம் போலச் சொந்த வைத்தியம் உண்டு, சோவா ரிக்பா என்று பெயர். 2010-ல் நம் அரசும் அங்கீகரித்தது. மூட்டுவலி, வயிற்றுக்கோளாறுக்குப் போகட்டும். காசநோய் மாத்திரைக்கு அது மாற்று இல்லை என்பது என் கருத்து.

எந்த ஊரில் தொடங்கிய சிகிச்சையையும் இன்னோர் ஊரின் அரசு மையத்தில் இலவசமாகத் தொடரலாம். நம் தெருமுனையில் கடை போடுபவர் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழி சொல்லுங்கள். சளிப் பரிசோதனைக்கும் காசு கிடையாது.