அயல்நாட்டில் ஆங்கில ஆசிரியர்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அயல்நாடு சென்று ஆங்கிலம் கற்பிக்க விழையும் நம் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே வினாவைத்தான் கேட்கின்றனர். “ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. தேறியிருக்கிறேனே, போதாதா?” என்பதே அது. அதனை முடிவு செய்வது நம் புலமை அன்று. செல்லும் நாட்டின் சட்டம். அச்சட்டம் சான்றிதழ்களைப் பார்க்கிறது; சில இடங்களில் குடியுரிமையையும் பார்க்கிறது.

தென்கொரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே அயல்மொழி கற்பிப்போர்க்குரிய விசாவிற்கு ‘இ-2’ என்று பெயர். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்கே அது பொதுவாக உரியது. வேதியியலில் பட்டம் பெற்ற கனடியர் ஒருவர் அங்குள்ள தனியார் பயிற்சிக் கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கலாம். ஆங்கிலத்திலேயே முதுகலை தேறிய நம்மவர் கற்பிக்க இயலாது. இது முறையா என்று கேட்டால், முறையன்று என்றே சொல்வேன். எனினும் சட்டம் அதுவே.

ஆயினும் ஒரு சிறு வழி உண்டு. இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2010 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பட்டத்தோடு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியத் தகுதியும் பெற்ற இந்தியர், அந்நாட்டுப் பள்ளிகளில் துணை ஆசிரியராகலாம். ஆகவே, வெறும் எம்.ஏ.யினும் பி.எட். இங்கே பெரிதும் உதவும்.

ஜப்பானின் நோக்கு வேறு. பள்ளிகளில் துணை ஆசிரியராகப் பணியாற்றுவோர்க்குரிய அனுமதிக்கு, 12 ஆண்டுகளேனும் ஆங்கில வழியில் பயின்றிருத்தல் வேண்டும். ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறியவர் ஒருவரைக் கருதுக. பள்ளியில் 7 ஆண்டு, இளங்கலையில் 3, முதுகலையில் 2. ஆக 12 ஆண்டு நிரம்பிவிடும். பள்ளியிறுதி வரை தமிழ் வழியில் பயின்றவர்க்கோ கல்லூரியின் 5 ஆண்டுகளே மிஞ்சும். நம் நாட்டுப்புறப் பள்ளிகளிலிருந்து வந்து, இங்கே ஆங்கிலப் பேராசிரியராக விளங்குவோர் பலர். அவர்களே விண்ணப்பித்தாலும் இவ்விதி தடுக்கும்! தனியார் உரையாடல் பள்ளிகளுக்குரிய அனுமதி வேறு வகையானது. அதற்குப் பட்டமே முதன்மை. எதுவாயினும், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் பயிற்றுமொழிச் சான்று வாங்கி வைத்திருப்பது நன்று. பள்ளி மூடப்பட்டபின் அதனைப் பெறுவது பெரும்பாடு.

தாய்லாந்தில் இந்தியர்க்கு இடம் உண்டு. பட்டம், ‘நான்-இம்மிகிரன்ட் பி’ விசா, தொழில் அனுமதி ஆகியவற்றோடு, பள்ளி ஆசிரியராவோர்க்கு அந்நாட்டு ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக இசைவோ வேண்டும்.

இங்கேதான் தரகர்களின் சொல் இனிக்கிறது. “முதலில் சுற்றுலா விசாவில் செல்லுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்பார்கள். தொழில் அனுமதியின்றி வேலை செய்வோர்க்குத் தாய்லாந்துச் சட்டம் 5,000 முதல் 50,000 பாட் வரை தண்டம் விதிக்கிறது. நாட்டை விட்டும் வெளியேற்றுகிறது. அந்தத் தண்டத்தைத் தரகர் கட்டப்போவதில்லை. அவர் இங்கேயே இருப்பார். ஆதலின், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்தாமா என்று பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

இறுதியாக, நம்மைப் போல் ஊர்விட்டு வந்தோர்க்கு உரிய ஒரு செய்தி. கொரியா முதலிய நாடுகள் பட்டச் சான்றில் ‘அப்போஸ்டில்’ எனும் முத்திரையைக் கேட்கின்றன. இந்தியாவில் அம்முறை 2005-இல் நடைமுறைக்கு வந்தது. வெளியுறவு அமைச்சகம் அதனை வழங்குகிறது. அதற்கு முன், பட்டம் வழங்கப்பட்ட மாநில அரசின் மேலொப்பம் பெறுவதே வழக்கமான முறை. தமிழ்நாட்டில் பட்டம் பெற்றவரின் தாள் சென்னை வரை சென்று மீள வேண்டியிருக்கும். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போதே அச்சான்றுகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.