‘பதிதர்’ யார்?
(யூபிலி நவநாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் பல சபைப் பிள்ளைகளோடு வேலை செய்கிறார்கள். ஒரே விடுதியில் தங்குகிறார்கள். அங்கிருந்து ஒரு சி.எஸ்.ஐ. வரன் வந்துவிட்டால், “பதிதர் வீட்டுச் சம்பந்தமா?” என்று நம் பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். அந்தச் சொல்லைச் சற்று ஆராய்வோம்.

‘பதிதர்’ என்றால் விழுந்தவர். விசுவாசத்தினின்று தவறியவரை நம் முன்னோர் அப்படி அழைத்தனர். இதற்கு ஈடான கிரேக்கச் சொல்லுக்கோ ‘தெரிந்துகொள்ளுதல்’ என்பது பொருள். முழு உண்மையை ஏற்காமல், தனக்குப் பிடித்த பகுதியை மட்டும் பொறுக்கிக்கொள்வதே பதிதம். கி.பி. 325-இல் நீசேயா சங்கம் ஆரியுவின் போதனையைக் கண்டித்தது இதனால்தான். அவர் கிறிஸ்துவைப் போற்றினார். ஆனால் அவர் கடவுள் என்பதை மறுத்தார். ஆகவே பதிதம் அற்பக் காரியமன்று.

ஆனால் யார் பதிதர்? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், எண் 751, அளந்து பேசுகிறது. திருமுழுக்குப் பெற்ற ஒருவர், விசுவசிக்க வேண்டிய உண்மையைப் பிடிவாதமாக மறுத்தாலோ சந்தேகித்தாலோ அது பதிதம். அறியாமை பதிதமாகாது. திருமுழுக்குப் பெறாத இந்து சகோதரரும் பதிதர் அல்லர்.

நம் நாட்டில் இச்சண்டை பழையது. 1706-இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கினார். பின்னர் லுத்தரன் சபையாரை மறுத்து வீரமாமுனிவர் ‘பேதகம் மறுத்தல்’ எழுதினார். இரு பக்கமும் சொற்கள் கடுமையாயிருந்தன. ஆனால் 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அச்சபைகளில் இன்று பிறந்து வளர்வோர்மீது பிரிவினைப் பாவத்தைச் சுமத்தலாகாது என்றது. அவர்களைச் சகோதரராக ஏற்றது. 1995-இல் இரு தரப்பு அறிஞரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு விவிலியம் தமிழில் வெளிவந்தது. 1999-இல் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் ஆக்ஸ்பர்க் நகரில், மனிதர் இறையருளால் நீதிமான்களாக்கப்படுவது பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர்.

வேறுபாடுகள் தீர்ந்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. நற்கருணை பற்றி, திருத்தந்தை பற்றி வேறுபாடு உண்டு. கலப்புத் திருமணத்துக்கு ஆயரின் அனுமதி இன்றும் வேண்டும். வரன் வந்தால் பங்குத்தந்தையிடம் வாருங்கள், சட்டப்படி பேசுவோம். ஆனால் அந்தப் பிள்ளையைப் ‘பதிதர்’ என்னாதீர்கள்.

பதிதம் என்ற சொல் முதலில் நம்மையே சோதிக்கும். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்லும் நாம், அதில் நமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்குகிறோமா? இந்த யூபிலி ஆண்டில் அதை முழு மனதோடு சொல்லுவோம். ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.