சபுர் வருமானமும் வீட்டுக் கணக்கும்

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ராமநாதபுரம் மாவட்டம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால்தான் நெல், இல்லாவிட்டால் கரிமூட்டம். அதனால்தான் நம் பாட்டனார்கள் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் சபுர் போனார்கள். 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது, கடைகளைப் போட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பியவர்கள் ஏராளம். 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி வளைகுடாவில் வேலை பெருகியது. நம் ஊர்களில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின.

ஆனால் அந்தக் கதவும் நம்மைக் கேட்டுக்கொண்டு மூடுவதில்லை. 2016-ல் சவூதியில் செல்போன் கடை வேலை அந்நாட்டவருக்கே என்றானது. 2017 ஜூலையில், உடன் வைத்திருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. 2020-ல் அது 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால். பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிறார்கள்.

உதவி கேட்டு வரும் வீடுகளில் நாங்கள் காண்பது இதுதான்: விசாவுக்கு நகை அடகு, முதல் வருடச் சம்பளம் அந்தக் கடனுக்கு, பிறகு வீடு, பிறகு கல்யாணம். சபுராளி முடித்துக்கொண்டு வரும்போது வீடு இருக்கிறது, அடுத்த மாதச் செலவுக்குப் பணம் இல்லை.

எனவே நாம் சிலவற்றைச் செய்வோம். அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்டிடம் மட்டுமே போவோம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். ரசீது கேட்டு வாங்குவோம். குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய் உண்டு. அந்தப் பத்திரத்தின் நகலும், வேலை ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் நகல்களும் ஊரில் மனைவியிடம் இருக்கட்டும்.

மாதப் பணம் வந்ததும், செலவுக்கு முன்பே ஒரு பங்கை ஒதுக்குவோம். ஆறு மாதச் செலவு சேரும்வரை மாடி கட்டுவது பொறுக்கட்டும். வீட்டிலிருக்கும் பெண்களும் படிப்பையும் கைத்தொழிலையும் கொண்டு சம்பாதிக்க வழி செய்வோம். கணக்கு அவருக்கும் தெரியட்டும், இவருக்கும் தெரியட்டும்.

சபுரில் இருப்பவர்கள் நலமாக ஊர் திரும்ப துஆ செய்வோம். வந்தவர் மறுபடியும் கடன் வாங்கிப் புறப்படாதபடி வீட்டை ஆயத்தமாக வைப்போம்.