நன்றியைக் கூலியில் சொல்லுவோம்

(காலனிக்குச் சிமெண்டு ரோடு, மூடிய சாக்கடை, தெருக்குழாய் வந்ததைக் கொண்டாடவும் வேலை செய்த தொழிலாளர்களுக்கு நன்றி சொல்லவும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மழை பெஞ்சா முழங்கால் சேத்துல பொணத்தைத் தூக்கிட்டுப் போன சனம் நாம. தண்ணிக்கு ஊர்க் குழாயடியில கடைசி ஆளா நின்ன சனம். இன்னிக்குப் பறை அடிச்சுக் கொண்டாடாம வேற என்னிக்குக் கொண்டாடுறது? கொண்டாடுவோம். ஆனால் ரெண்டு கேள்வியைக் கேட்டுக்கொண்டே கொண்டாடுவோம். இதை யார் கொடுத்தது? இதை யார் செய்தது?

முதல் கேள்விக்குக் கல்வெட்டு ஒரு பதில் சொல்கிறது. அதில் இருக்கிற பெயர்களெல்லாம் 'வழங்கிய'வர்களின் பெயர்கள். யார் வீட்டுப் பணத்தை வழங்கினார்கள்? சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் நாமும் வரி கட்டுகிறோம். ரோடு பிச்சை அல்ல, பாக்கி. அதுவும் லேட்டா வந்த பாக்கி.

சட்டம் போட்டதும் உரிமை தானா வீட்டுக்கு நடந்து வந்துடாது. மராட்டியத்து மகாத் நகராட்சி, சவதார் குளத்தைத் தீண்டப்படாதவர்களுக்கும் திறந்துவிட்டதாக 1924இல் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்திருந்தது. நம்ம சனத்துக்குச் சொட்டுத் தண்ணி கிடைக்கல. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். உடனே சாதி இந்துக்கள் என்ன செஞ்சாங்க? சாணி, கோமியம், பால், தயிர் கலந்த 108 குடங்களைக் குளத்தில் அமிழ்த்தித் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு நடந்து உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆனது. நம்ம ரோடும் நாம மனு எழுதி, மறியல் பண்ணி, அலைஞ்சு வாங்கினதுதான். ஆகவே அதிகாரத்துக்கு நன்றி சொல்லி முதுகு வளைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விதான் இந்தக் கூட்டத்தின் கேள்வி. கல்வெட்டில் பெயர் இருக்கிற யாரும் மண்வெட்டி பிடிக்கவில்லை. பழைய சாக்கடையைத் தோண்டி நாத்தத்துல நின்னது யாரு? பெரும்பாலும் அருந்ததியத் தோழர்கள். கான்கிரீட் போட்டது யாரு? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிகள். நாம அவங்க ஊரைக் கேட்டோம். கூலி எவ்வளவுன்னு கேட்டோமா? இனி தினமும் இந்தத் தெருவைக் கூட்டப் போற அம்மாவுக்கு மாசச் சம்பளம் எந்தத் தேதியில வருதுன்னு நம்மில் யாருக்காவது தெரியுமா?

நன்றி சொல்வதிலும் ஓர் அரசியல் இருக்கிறது தோழர்களே. 2019 பிப்ரவரியில் கும்பமேளாவில் நாட்டின் பிரதமர் துப்புரவுத் தொழிலாளர்களின் காலைக் கழுவினார். காலைக் கழுவினால் மலக்குழியிலிருந்து அந்தக் கால் வெளியே வந்துவிடுமா? 2020இல் கொரோனா வந்ததும் கை தட்டினோம், மாலை போட்டோம். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். பேரு மாறிச்சு, வாளியும் துடைப்பமும் மாறல. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில், தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று அதே தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அரசு அறிவித்த திட்டங்களில் ஒன்று இலவசக் காலை உணவு. அவங்க கேட்டது வேலைக்குப் பாதுகாப்பு. கிடைச்சது இட்லி.

இது நம்ம நாட்டுக்கு மட்டும் உரிய கதை அல்ல. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் குப்பை அள்ளியவர்கள் கறுப்பின மக்கள். 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்குக் குப்பை லாரியின் பின்பக்கம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள் அந்த லாரியின் எந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் பிடித்த அட்டையில் இருந்தது 'நான் ஒரு மனிதன்' என்ற வாசகம். அவர்களுக்குத் துணையாகப் போன மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் நகர நிர்வாகம் சங்கத்தை ஏற்றுக்கொண்டு கூலியை உயர்த்தியது. அவங்க மாலை கேக்கல. சங்கமும் கூலியும் கேட்டாங்க.

நம்ம நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கினால், முதல் தடவையே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவுக்கு விலை ஏறுகிறது. சாவு நிற்கவில்லை. இந்தச் சட்டம் அதிகாரிக்கும் காண்ட்ராக்டருக்கும் மட்டும்னு நினைக்காதீங்க. நம்ம வீட்டு டேங்க் நிரம்பி, 'அண்ணே, கொஞ்சம் இறங்கிப் பாருங்க'ன்னு நாம சொன்னாலும் அது குற்றம்தான்.

இப்போது கசப்பான விசயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் கேட்க வேண்டும். ஊருக்கு வெளியே சேரி. சேரிக்கு உள்ளேயும் ஒரு வெளியே இருக்கிறது. சாதியை ஏணி மாதிரி அடுக்கியிருக்கிறான். ஒவ்வொருத்தனுக்கும் மிதிக்கக் கீழே ஒருத்தனைக் கொடுத்திருக்கிறான் என்பதை அம்பேத்கர் திரும்பத் திரும்பச் சொன்னார். டீக்கடையில நமக்குத் தனிக் கிளாஸ் வெச்சப்ப நாம கொதிச்சோம். நம்ம தெருவைக் கூட்டுற அருந்ததிய அம்மா தண்ணி கேட்டா, எந்தச் சொம்புல குடுக்குறோம்? 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோதும், 2024 ஆகஸ்ட் 1 அன்று உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதும் நம்ம பக்கத்திலேயே சில பேர் முகம் சுளிச்சாங்க. ஊர்க்காரன் நம்மைப் பார்த்துச் சுளிச்ச அதே முகம். அந்த முகத்தை வெச்சுக்கிட்டு நாம யாருக்கும் நன்றி சொல்ல முடியாது.

அதனால் நாலு தீர்மானத்தை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று: நம்ம தெருவில் வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா என்று காலனி சங்கம் கேட்கும். கிராம சபையிலும் எழுதி வைக்கும்.

இரண்டு: எந்த வீட்டிலும், எந்தக் குழியிலும் ஆள் இறங்கக் கூடாது. வண்டி வரலேன்னா வண்டி வர்ற வரைக்கும் காத்திருப்போம். நாத்தத்தைப் பொறுத்துக்கலாம், சாவைப் பொறுத்துக்க முடியாது.

மூன்று: தெருக் கூட்டுறவங்க போராட்டம்னு உட்கார்ந்தா, 'குப்பை நாறுது'ன்னு புகார் குடுக்காம அவங்க பக்கத்துல போய் உட்காருவோம்.

நான்கு: இன்னிக்கு ராத்திரிச் சோறு. தொழிலாளத் தோழர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பக் கூடாது. ஒரே பந்தி, ஒரே பாத்திரம், நம்ம வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும்.

இந்த நாலையும் கை தூக்கி ஏற்றுக்கொண்டால், பறையை மறுபடியும் எடுங்க. விடிய விடிய அடிப்போம்.

ஜெய்பீம்!